ஆறு வாரம்தான் இருக்கிறது, டிரையத்லானில் இறங்கலாமா?

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் போட்டிக்கான பதிவு இணைப்பை அனுப்புகிறார். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். அந்தச் சூட்டில் நீங்களும் பணத்தைக் கட்டிவிடுகிறீர்கள். மறுநாள் காலையில்தான் காலண்டரைப் பார்க்கத் தோன்றுகிறது: இன்னும் ஆறே வாரம். நீச்சல் தெரியும், ஆனால் தண்ணீரில் இறங்கி வருஷக்கணக்காகிறது. சைக்கிள் பால்கனியில் துணி காயப்போட உதவிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் என்று பார்த்தால் கிளம்பும் பஸ்ஸைத் துரத்தியதுதான்.

முடியுமா என்றால், எந்தத் தூரத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இதே வரிசையில் ஒரே மூச்சில் முடிப்பதுதான் டிரையத்லான். தண்ணீரில் இறங்கும்போது ஓடத் தொடங்கும் கடிகாரம் ஓட்டம் முடியும் கோட்டில்தான் நிற்கும். நடுவில் ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில் சேர்க்கப்பட்ட அளவு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதில் சரிபாதி ஸ்பிரிண்ட்: 750 மீட்டர், 20 கி.மீ., 5 கி.மீ. அதற்கும் கீழே சூப்பர் ஸ்பிரிண்ட் என்று 400 மீட்டர், 10 கி.மீ., 2.5 கி.மீ. வைத்து நடத்துகிறார்கள். மேலே போனால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், அதுவே அதன் பெயர். கோவாவில் 2019-இல் தொடங்கிய போட்டி இந்த அளவுதான். எல்லாவற்றுக்கும் உச்சியில் முழு அயர்ன்மேன்: 3.8 கி.மீ., 180 கி.மீ., முடிவில் ஒரு முழு மாரத்தான்.

உடம்பில் பெரிய கோளாறு இல்லாத, தண்ணீரைக் கண்டு மிரளாத ஒருவர் ஆறு வாரத்தில் ஸ்பிரிண்ட் முடிக்கலாம். சூப்பர் ஸ்பிரிண்ட் என்றால் தாராளமாக. ஒலிம்பிக் அளவு, மூன்றில் இரண்டையாவது ஏற்கெனவே வாரம் தவறாமல் செய்துகொண்டிருப்பவருக்கு மட்டும். 70.3-க்குப் பதிவு செய்துவிட்டு ஆறு வாரம் முன்பு விழித்துக்கொண்டவர், அமைப்பாளருக்கு எழுதித் தூரத்தைக் குறைக்க முடியுமா, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதே நல்லது. பணம் போனாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார்: “எங்க ஃபிரெண்ட் ஒருத்தர் பயிற்சியே இல்லாம முடிச்சாரே!” இந்தக் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கொஞ்சம் தோண்டினால் அடியில் பல வருஷத்து உழைப்பு கிடக்கும். ஜூலி மாஸ் கதையைப் பாருங்கள். 1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த அயர்ன்மேனில், உடற்கல்விப் பட்டத்துக்கான ஆய்வேட்டுக்காக இறங்கிய கலிஃபோர்னிய மாணவி அவர். அந்தத் தூரத்துக்கு வேண்டிய பயிற்சி அவரிடம் இல்லை. ஆனாலும் பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். கோட்டுக்குச் சற்று முன்னால் கால் மடங்கியது. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். கடைசி சில மீட்டரை முட்டிபோட்டுத் தவழ்ந்து கடந்தார். அதற்குள் பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி பக்கத்தில் ஓடிக் கடந்துவிட்டார். வித்தியாசம் 29 நொடி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஒளிபரப்பான பிறகுதான் இந்த விளையாட்டு ஊர் அறிந்த விளையாட்டானது. “பயிற்சி இல்லாவிட்டால் என்ன, மன உறுதி போதும்” என்பதற்கு இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அவர் அலைச்சறுக்கில் வளர்ந்த கடற்கரைப் பெண் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவருடைய கால்தான் கைவிட்டது. கடல் அவருக்குப் பழகிய இடம்.

நம் பக்கத்தில் மிலிந்த் சோமன். 49 வயதில், 2015-இல், ஜூரிச்சில் முழு அயர்ன்மேன் முடித்தார். மாடலிங்கிலும் சினிமாவிலும் இருந்தவர் திடீரென்று சாதித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். இளம் வயதில் அவர் தேசிய நீச்சல் சாம்பியன். நீண்ட தூர ஓட்டமும் அவருக்குப் புதிதில்லை. எனவே, பயிற்சி இல்லாமல் முடித்தேன் என்று யாராவது சொன்னால் “சின்ன வயசுல என்ன விளையாடினீங்க?” என்று கேட்டுவிடுங்கள். பாதிக் கதை அதில் வெளியே வந்துவிடும்.

சரி, உங்களிடம் அந்தப் பழைய முதலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருக்கும் ஆறு வாரத்தை எதில் போடுவது? ஓட்டத்தில் மூச்சு வாங்கினால் நடக்கலாம். சைக்கிளில் முடியவில்லை என்றால் இறங்கி மர நிழலில் நிற்கலாம். தண்ணீருக்கு நடுவில் நிற்க இடமில்லை. ஆகவே குறைந்த பயிற்சியில் பெரும்பங்கை, நினைத்த இடத்தில் நிற்க முடியாத அந்த ஒன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். நேரக் கணக்கில் பார்த்தால் மூன்றிலும் சிறியது நீச்சல்தான். பலர் அதனாலேயே அதை ஒதுக்கிவிட்டுச் சைக்கிளில் கிலோமீட்டர் சேர்க்கிறார்கள். தலைகீழான கணக்கு அது.

அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த உயிரிழப்புகளையும் திடீர் இதய நிறுத்தங்களையும் திரட்டி, அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு நீச்சலின்போது நேர்ந்தது. ஓட்டத்தில் 15 பேர்தான். நூற்றுக்கு 85 பேர் ஆண்கள், பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். லட்சம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு என்பதால் இதைக் கேட்டு அலற வேண்டியதில்லை. ஆனால் அபாயம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

ஏன் நீரில்? முதல் இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஹாரன் அடிக்கிறது. ஐம்பது, நூறு பேர் ஒன்றாகப் பாய்கிறார்கள். முன்னால் இருப்பவரின் குதிகால் உங்கள் கண்ணாடியில் படுகிறது. பக்கத்தில் இருப்பவர் கை உங்கள் முதுகில் விழுகிறது. மூச்சு வாங்க முகத்தைத் திருப்பினால் அங்கே ஓர் அலை. பதற்றத்தில் இதயம் ஏற்கெனவே எகிறியிருக்கிறது. அதில் முழு வேகமாக வேறு கையை வீசுகிறீர்கள். உள்ளே இழுத்த காற்றை வெளியே விட மறந்துபோகிறது. நெஞ்சில் காற்று நிறைந்திருந்தும் மூச்சு முட்டுகிறது, காரணம் ஆக்சிஜன் குறைந்தது அல்ல, வெளியேறாமல் சேர்ந்துபோன கரியமில வாயு. நிமிர்ந்து நிற்கலாம் என்று காலைக் கீழே விடுகிறீர்கள். தரை இல்லை. நல்ல நீச்சல்காரரும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்.

குளத்தில் பெரியவர்களுக்குச் சொல்லித் தரும் எந்த மாஸ்டரிடமும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

“மாஸ்டர், பாதியிலயே மூச்சு முட்டுது.”

“உள்ள இழுத்ததை எங்க சார் விட்டீங்க?”

முகம் நீருக்குள் இருக்கும் நேரம் முழுக்க மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தைத் திருப்பும்போது இழுக்க மட்டுமே நேரம் உண்டு. இந்த ஒன்று கைவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முதல் வாரத்தில் வேறு எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குமிழி விடுங்கள், நடந்துகொண்டே விடுங்கள், நீந்திக்கொண்டு விடுங்கள்.

இரண்டாவது, தண்ணீரில் நிற்கக் கற்பது. மல்லாந்து மிதப்பது, அதன் பிறகு நிலை நீச்சல். கிராமத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகியவர்களுக்கு இது பிறவிச் சொத்து மாதிரி. ஆழம் அவர்களை மிரட்டாது. நகரத்தில், தரை எட்டும் குளத்தில் கற்றுக்கொண்டவர்கள்தான் இதில் ஏழைகள். ஒவ்வொரு முறையும் கால் ஊன்றியே பழகியிருப்பார்கள். ஆழமான குளம் ஒன்றைத் தேடிப் பிடித்து, உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், நடுவில் நின்று ஐந்து நிமிடம் மிதந்து பாருங்கள். மூச்சு சீராக வந்தால் ஆறு வாரம் போதும். வரவில்லை என்றால் போட்டியைத் தள்ளிவையுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். நிலை நீச்சல் வராதவர் வேகமாக 750 மீட்டர் போகிறார் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கிணற்று நீச்சல்காரர்களுக்கு வேறு சிக்கல். தலையை வெளியே தூக்கியே நீந்திப் பழக்கம். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், காலை இழுத்துக்கொண்டு போவதிலேயே பலம் தீர்ந்துவிடும். கழுத்தும் பிடித்துக்கொள்ளும். முகத்தை நீருக்குள் வைக்க அவர்கள் ஒரு வாரம் செலவழித்தால் திடீரென்று தூரம் கூடும். மற்ற இரண்டைவிட நீச்சலில் உத்திக்குக் கிடைக்கும் கூலி அதிகம். ஓட்டத்தில் ஆறு வாரத்தில் கொஞ்சம் முன்னேறுவீர்கள். நீச்சலில், மூச்சும் உடல் நிலையும் சரியாகிவிட்டால், மூன்று சுற்றுக்கு நாக்குத் தள்ளியவர் முப்பது சுற்று போகிறார். 25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது சரியாக அந்த 30 சுற்றுதான்.

இன்ன பாணியில்தான் நீந்த வேண்டும் என்று விதி இல்லை. ஃபிரீஸ்டைல் வராவிட்டால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் போகலாம், களைத்தால் மல்லாந்து போகலாம். காவல் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் அனுமதி உண்டு. அதைப் பிடித்தபடி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். பலருக்கு இது தெரியாது, கேட்கக் கூச்சப்படுகிறார்கள். தொடக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்காமல் ஓரமாகவோ பின்னாலோ நில்லுங்கள். ஹாரன் அடித்து 15 நொடி கழித்துக் கிளம்புங்கள். போகும் 15 நொடியில் உங்கள் பரிசு ஒன்றும் போய்விடாது.

போட்டி கடலில் என்றால் ஒரு முறையாவது கடலில் நீந்திப் பார்த்திருக்க வேண்டும். குளத்தின் அடியில் கோடு இருக்கும், கடலில் இல்லை. பத்து வீச்சுக்கு ஒரு தடவை முதலை மாதிரி கண்ணை மட்டும் மேலே தூக்கி மிதவை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கற்க வேண்டும். இல்லாவிட்டால் 750 மீட்டர் போட்டியில் 1,000 மீட்டர் நீந்துவீர்கள். ஆனால் தனியாக மெரினாவிலோ வேறு கடற்கரையிலோ இறங்கிப் பழகாதீர்கள். சென்னைக் கரையில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. படகும் துணைக்கு ஆளும் வைத்துப் பயிற்சி தரும் குழுவோடு மட்டும் போங்கள். அப்படியும் இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்ப வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் போட்டிருக்கும் ரப்பர் உடையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அது குளிருக்காக. உடம்பை மிதக்கவும் வைக்கும் என்பதால், நீரின் சூடு ஓர் அளவைத் தாண்டினால் அதற்குத் தடை உண்டு. நம் கடலின் சூட்டுக்கு அது தேவையும் இல்லை.

நீச்சலுக்கு வாரம் மூன்று நாள் போட்டுவிட்டால் மீதியில் சைக்கிளுக்கு இரண்டு, ஓட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ. சைக்கிளும் ஓட்டமும் சனி அல்லது ஞாயிறு காலை சேர்ந்தே வரட்டும். ஒரு நாள் முழு ஓய்வு. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். விட்டுப்போனதை அந்த வாரத்தில் சேர்த்துப் பிடிக்க நினைப்பவர் போட்டியன்று களைத்த காலோடு வருவார்.

உடம்புக்குள் இந்த ஆறு வாரத்தில் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் கூடுதலாகத் தள்ளுகிறது. அதே வேகத்துக்கு முன்பைவிடக் குறைவாக மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரங்களில் தசைக்குள் சக்தியை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டும் நாணும் இந்த வேகத்துக்கு வராது. அவற்றுக்கு மாதக்கணக்கு வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் “மூச்சே வாங்கலை, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகலாம்” என்று தோன்றும். அப்போதுதான் கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் வலிக்கத் தொடங்கும். எனவே ஓட்டப் பயிற்சியில் மூன்று நிமிடம் மெதுஓட்டம், ஒரு நிமிடம் நடை என்றே போங்கள். போட்டியிலும் அப்படியே போகலாம். 5 கி.மீ.க்கு 45 நிமிடம் ஆனால் ஆகட்டும்.

நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் மனசு லேசாகும். நூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் என்று ஆமை வேகத்தில் போனாலும் நீச்சல் 23 நிமிடத்தில் முடியும். மணிக்கு 20 கி.மீ. என்றால் சைக்கிள் ஒரு மணி நேரம். நடையும் ஓட்டமும் 45. இடையில் உடை, ஷூ எல்லாம் பத்து நிமிடம். மொத்தம் இரண்டேகால் மணி நேரம். உங்கள் போட்டியில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேர வரம்பு என்று பார்த்து இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு லட்சம் ரூபாய் வண்டி வேண்டியதில்லை. பால்கனியில் இருப்பதே போதும், பிரேக் பிடித்தால், செயின் துரு ஏறாமல் இருந்தால், டயரில் வெடிப்பு இல்லாமல் இருந்தால். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் சீட்டு தேவைக்குக் கீழேதான் இருக்கிறது. முழங்கால் வலிக்குப் பாதிக் காரணம் அது. கைப்பிடியின் இரு முனையிலும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த குழாய் முனை விழுந்தால் வயிற்றில் குத்தும் என்பதால் மூடி இல்லாத சைக்கிளைச் சோதனையிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஹெல்மெட் இல்லாமல் போட்டியே இல்லை. காதில் இயர்போனுக்கும் அனுமதி இல்லை. முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டிக் காற்றில்லாமல் போவது பெரும்பாலான பொதுப் போட்டிகளில் தடை, அதற்கு நேரத் தண்டனை உண்டு. டியூப் மாற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். வழியில் பஞ்சர் கடை கண்ணில் பட்டாலும் கடைக்காரர் கை வைக்கக் கூடாது. வெளியாள் உதவி விதிப்படி குற்றம்.

டி-1, டி-2 என்று சொல்லும் மாற்று இடம்தான் புதியவர்கள் திணறும் அடுத்த இடம். நீரிலிருந்து எழுந்து சைக்கிளுக்குப் போவது டி-1, சைக்கிளை விட்டு ஓடக் கிளம்புவது டி-2. கம்பியில் வரிசையாகச் சைக்கிள்கள் தொங்கும். உங்களுக்குக் கிடைப்பது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு விரிக்கும் அளவு இடம். துண்டின் முன்பகுதியில் சைக்கிளுக்கு வேண்டியது, பின்னால் ஓட்டத்துக்கு வேண்டியது. ஹெல்மெட்டைக் கைப்பிடி மேல் கவிழ்த்து, வார் இரண்டும் வெளியே தொங்கும்படி, கூலிங் கிளாஸை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். சாக்ஸை விரல்வரை சுருட்டி வையுங்கள். ஈரக்காலில் சாக்ஸ் ஏறாது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிய வருகிறது. எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் சட்டையில் ஊக்கு குத்தும் வேலை இல்லை. சைக்கிள் ஓட்டும்போது முதுகுப் பக்கம், ஓடும்போது வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விதியை மறக்கவே கூடாது. கம்பியிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் வார் ‘கிளிக்’ என்று பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். சைக்கிளை அந்த இடத்துக்குள் ஓட்டக் கூடாது. தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டியே ஏற வேண்டும், திரும்பும்போது அதற்கு முன்பே இறங்க வேண்டும். முந்தின நாள் மாலை அங்கே போய், நீர்ப்பக்கத்திலிருந்து நுழைந்தால் உங்கள் சைக்கிள் எத்தனையாவது வரிசை, பக்கத்தில் எந்தக் கம்பம் என்று நடந்து பார்த்துவிடுங்கள். ஈரத் தலையோடு, கண்ணாடி அழுத்திய கண்ணோடு வரும்போது எல்லாச் சைக்கிளும் ஒன்றாகத்தான் தெரியும்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கினால் முதல் சில நிமிடம் கால் யாருடையதோ போல இருக்கும். வட்டமாகச் சுற்றிப் பழகிய தசைக்குத் திடீரென்று உடல் எடையைத் தாங்கச் சொல்கிறீர்கள். இது எல்லாருக்கும் வரும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். வார இறுதியில் சைக்கிளையும் ஓட்டத்தையும் சேர்த்துச் செய்யச் சொன்னது இதற்காகத்தான். கடைசி ஒரு கிலோமீட்டரில் லேசான கியருக்கு மாறி வேகமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இறங்கும்போது சிரமம் குறையும்.

வெயிலை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜானி பிரவுன்லீ, அடுத்த மாதமே மெக்சிகோவின் கொசுமெலில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது கோட்டுக்குச் சற்று முன் வெப்பத்தில் நிலைகுலைந்தார். அண்ணன் அலிஸ்டர் தோளில் தாங்கி இழுத்து வந்து கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டார். உலகத் தரப் பயிற்சி உள்ளவருக்கே அந்தக் கதி. உடல் வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். ஏசி அறை ஜிம்மில் மட்டும் பழகியவர் கடைசி இரண்டு வாரமாவது வெளியே, போட்டி நடக்கும் நேரத்தில் பயிற்சி செய்ய வேண்டும்.

அதற்காகத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. அதில் பெரும்பங்கு அளவுக்கு மீறிக் குடித்ததால். தாகத்துக்குக் குடியுங்கள், சைக்கிளில் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கரைத்து வையுங்கள். காலையில் மூன்று மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, காரச் சட்னி இல்லாமல். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம். போட்டிக்கு முந்தின நாள் கடையில் வாங்கிய ஜெல்லை அன்றைக்குத்தான் முதல் தடவை வாயில் வைப்பது வயிற்றோடு விளையாடுவது. வலி வருமோ என்று முன்கூட்டியே இபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. நீரிழந்த உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

யார் இறங்கவே கூடாது? கடந்த சில வாரத்தில் காய்ச்சல் கண்டு இன்னும் முழுசாகத் தேறாதவர்கள். வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் கடும் உழைப்பில் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஓடும்போது நெஞ்சு வலித்தவர்கள், மயங்கி விழுந்தவர்கள், குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்த வரலாறு உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் குளத்தில்கூடக் கடும் பயிற்சி செய்யக் கூடாது. நாற்பதைத் தாண்டி, பல வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்தவரும் அப்படித்தான். ஈசிஜி சரியாக இருந்தது என்பது அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. அறிகுறி வந்தால் நிறுத்துவேன் என்ற முடிவும் கூடவே வர வேண்டும்.

எந்த அறிகுறி? நீரில் வேகத்தைக் குறைத்து மல்லாந்த பிறகும் மூச்சுத் திணறல் அடங்காவிட்டால், இருமலோடு நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். உடனே கையைத் தூக்க வேண்டும். நிலத்தில் நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, பேச்சு குழறுவது வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். போட்டிக்கு அடுத்த நாள் தசை வலி இருக்கத்தான் செய்யும். வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் வலி மாத்திரை தேடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். பழக்கமில்லாத தசை அளவுக்கு மீறி உழைத்துச் சிதையும்போது அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.

கடைசியாக வருவதற்கு வெட்கப்பட இந்த விளையாட்டில் காரணமே இல்லை. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை, சான் டியேகோவின் மிஷன் பேயில் 46 பேரோடு நடந்த முதல் டிரையத்லானில் பின்தங்கியவர்கள் வருவதற்குள் இருட்டிவிட்டது, கார் விளக்கைப் போட்டுத்தான் கரை காட்டினார்கள். அன்று கலந்துகொண்ட ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதிதான் நாலு வருஷம் கழித்து ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கினார்கள். அந்த 1978 போட்டியில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்கு ஓட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, உடன் வந்தவர்கள் பீரைக் கொடுத்துச் சமாளித்தார்கள். நீங்கள் பயிற்சி குறைவாக வருகிறீர்கள் என்றால், அவர்கள் முன் அனுபவமே இல்லாத தூரத்துக்கு வந்தவர்கள்.

நடுவில் விலகுவதாக இருந்தால் விலகுங்கள், ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். கணுக்காலில் கட்டியிருக்கும், நேரம் பதியும் சிப்பை அருகிலிருக்கும் நடுவரிடமோ தன்னார்வலரிடமோ கொடுத்து எண்ணைப் பதியச் சொல்ல வேண்டும். கரைக்கு வந்தவர் சத்தமில்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டால், நீரில் இறங்கியவர்கள் கணக்கும் ஏறியவர்கள் கணக்கும் ஒத்துவராது. அவர் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் படகுகள் அவரைக் கடலில் தேடிக்கொண்டிருக்கும்.